ரெண்டாவது கிட்டார் எங்கே?

இந்தப் பக்கம் வந்து உட்காந்துக்கங்க அண்ணே. அந்தப் பக்கம் ஃபேன் சத்தம், நீங்க பேசுறது ஒண்ணும் விளங்கல. ஆங், இங்க, எனக்கு இடது பக்கம். இப்பப் பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு! யாருக்கு, சம்சாரத்துக்கா? சைனஸா? உள்ள போயிருக்காங்களா? சரி சரி. எனக்கு டோக்கன் முப்பத்தி ஒண்ணு. இப்ப பதினெட்டுதான் ஓடுது. அதுக்கு முன்னாடி டெஸ்ட்டுக்கு வேற கூப்பிடுவாங்களாம். நிறைய நேரம் கிடக்கு.

எனக்கா? எனக்கு ஒரு கோளாறும் இல்ல அண்ணே. நான் வந்தது சர்டிபிகேட் வாங்க. 'தனகோபால், வயசு நாப்பத்தெட்டு, இவருக்கு ரெண்டு காதும் முதல் தரம்'னு டாக்டர் எழுதி, கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்ப்பும் குத்திக் கொடுக்கணும். அதைப் போட்டோ எடுத்து இன்னிக்குச் சாயங்காலம் ஆறரை மணிக்குள்ள டெரன்ஸுக்கு அனுப்பணும். அவ்வளவுதான் வேலை. ஸ்டாம்ப் இல்லாட்டி அவன் நம்ப மாட்டான்.

டெரன்ஸ் யாருன்னு கேக்குறீங்களா? என் சிநேகிதன். சிநேகிதனா இருந்தவன். பொன்மலை ரயில்வே காலனிக்காரன். இருபத்தேழு வருஷப் பழக்கம். ஏழு மாசமா பேச்சுவார்த்தை கிடையாது. புதன்கிழமை திடீர்னு ஒரு மெசேஜ் போட்டான். 'சனிக்கிழமை உறையூர்ல கச்சேரி. ரோஷினி வாசிக்கல. உனக்கு என்ன, காது செவிடாடா?' இவ்வளவுதான் மெசேஜ். என்னைப் பாத்து! இந்தத் திருச்சி ஜில்லாவுல மெட்டல் கேக்குறதுக்குன்னே பொறந்த காது ரெண்டு இருக்குன்னா, அது இந்தக் காதுதான் அண்ணே.

மெட்டல்னா இரும்புக் கடை இல்ல. பாட்டு. நீங்க சிரிக்கிறீங்க, பரவாயில்ல, என் மாமனாரும் இப்படித்தான் சிரிச்சாரு. கிட்டாரை வாசிக்கிறதுக்குப் பதிலா ரம்பத்துல அறுக்குற மாதிரி ஒரு சத்தம் வரும் பாருங்க, ட்ரம்ஸ்காரன் ரெண்டு காலாலயும் உதைப்பான், பாடுறவன் தொண்டையில கூழாங்கல்லை உருட்டுவான். வெளியில நிக்கிறவனுக்கு அது இரைச்சல். உள்ள போயிட்டா கோயில் மாதிரி அண்ணே. அவ்வளவு சுத்தம், அவ்வளவு கணக்கு. இன்னொண்ணு ஆல்டர்நேட்டிவ்னு இருக்கு. மெட்டல்காரன் ஊரைப் பாத்துக் கத்துவான். ஆல்டர்நேட்டிவ்காரன் சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டு முனகுவான். ரெண்டும் எனக்குப் பிடிக்கும். ஆனா ஆல்டர்நேட்டிவ் ஆல்பத்துல ஒன்பது பாட்டுக்கு மேல இருந்தா நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு மனுஷன் ஒன்பது தடவைக்கு மேல வருத்தப்படக் கூடாது.

எனக்குன்னு சில சட்டம் இருக்கு. ஆல்பத்தை முதல் பாட்டுல இருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் வரிசையாக் கேக்கணும். நடுவுல எந்திரிச்சு ஒண்ணுக்குக்கூடப் போகக் கூடாது. ஒரு ஆல்பம் தேறுமா தேறாதான்னு நாலாவது பாட்டுல தெரிஞ்சிரும். அட்டையில மண்டை ஓடு ஒண்ணு இருந்தா நல்லது, மூணு இருந்தா சந்தேகப்படணும். ஸ்பீக்கர்ல கேக்கக் கூடாது, ஸ்பீக்கர் பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான். ஹெட்போன்லதான் கேக்கணும். அதுலயும் இடதுன்னு போட்டிருக்கிறதை இடது காதுல, வலதுன்னு போட்டிருக்கிறதை வலது காதுல. மாத்தி மாட்டுறவனை நான் வீட்டுக்குள்ளயே விட மாட்டேன். அந்தக் கலைஞன் ராப்பகலா உக்காந்து, எந்த வாத்தியம் எந்தக் காதுலன்னு யோசிச்சு வச்சிருக்கான். அதை மாத்தி மாட்டுறது சாமி சிலையைத் திருப்பி வச்சுக் கும்பிடுற மாதிரி. ஆயுசுல ஒரு தடவைகூட நான் மாத்தி மாட்டினது கிடையாது.

வேலையா? தெப்பக்குளத்துல கண்ணாடிக் கடை. சொந்தக் கடை இல்ல, கண்ணு டெஸ்ட் பண்றதும் லென்ஸ் மாட்டுறதும் நான். இருபத்திரெண்டு வருஷமா. அட, அந்தக் கூத்தைக் கேக்காதீங்க. நாப்பது வயசு தாண்டின ஆளு வருவாரு. கண்ணு மங்கிப் போச்சுன்னு ஒத்துக்கவே மாட்டாரு. 'பேப்பர்காரன் எழுத்தைச் சின்னதாக்கிட்டான்'பாரு. 'உங்க போர்டுல மை மங்கிருச்சு, மாத்துங்க'ன்னு என்கிட்டயே சண்டைக்கு வருவாரு. நான் சிரிச்சுக்குவேன். மனுஷனுக்குத் தன் கோளாறை ஒத்துக்க அப்படி என்ன கஷ்டமோ!

சரி, விஷயத்துக்கு வரேன். 'இரும்புக் காது'ன்னு ஒரு பக்கம் வச்சிருக்கேன், இன்டர்நெட்ல. வாராவாரம் ஒரு ஆல்பத்துக்குத் தமிழ்ல விமர்சனம். பத்துக்கு இத்தனைன்னு மார்க். நானூத்தி பன்னெண்டு பேரு படிக்கிறாங்க. நாலு பேரு கமெண்ட் போடுவாங்க, அதுல ஒருத்தர் கோலாலம்பூர்! ஆரம்பத்துல நானும் டெரன்ஸும் சேர்ந்துதான் எழுதுனோம். அவன் வீட்டுலதான் நான் முதமுதலா மெட்டலே கேட்டேன். அவன் மாமா மஸ்கட்ல இருந்து ஒரு கேசட் கொண்டு வந்திருந்தாரு. மத்தியானம் மூணு மணிக்குக் கேட்டேன். வெளியில வந்து, பூட்டைத் திறக்காமலே சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நிக்கிறேன். அன்னிக்கு அவ்வளவு சந்தோஷம் அண்ணே. கல்யாணத்தன்னிக்குக்கூட அவ்வளவு இல்ல. என் சம்சாரம் விசாலி கிட்ட சொல்லிராதீங்க.

இப்ப ஒரு மூணு வருஷமா மெட்டலுக்கே கெட்ட காலம். உலகம் பூரா. எந்த ஆல்பத்தை எடுத்தாலும் பாதிதான் இருக்கு. மெட்டல் குரூப்னா ரெண்டு கிட்டார் இருக்கணும், இடது காதுல ஒருத்தன், வலது காதுல ஒருத்தன். முன்னெல்லாம் ரெண்டு பேரும் மோதிக்குவானுங்க, நடுவுல நம்ம மண்டை. இப்ப? ரெண்டாவது ஆளு வேலையே செய்யறதில்ல. பிரேசில்ல இருந்து வந்தாலும் அதேதான், நார்வேயில இருந்து வந்தாலும் அதேதான். ஷில்லாங்ல 'வெட் மேட்ச்பாக்ஸ்'னு ஒரு குரூப்பு, தங்கமான பசங்க, அவனுங்களும் கெட்டுப் போயிட்டானுங்க. சோம்பேறித்தனம் அண்ணே. நான் இதைக் கண்டுபிடிச்சு, 'ரெண்டாவது கிட்டாரின் சாவு'ன்னு ஆறு பாகம் தொடர் எழுதினேன். கோலாலம்பூர்க்காரரு 'அருமையான பார்வை, ஆனா எனக்குக் கேக்குதே'ன்னு போட்டாரு. பாவம், அவருக்கு வயசாயிருச்சு.

நாலு ஹெட்போன் மாத்திட்டேன். முதல்ல ஹெட்போன்தான் கோளாறுன்னு நினைச்சேன். கடைக்காரப் பையன் மாட்டிப் பாத்துட்டு 'நல்லாத்தானே இருக்கு சார்'னான். அவனுக்கு என்ன தெரியும்!

இந்த நேரத்துலதான் ரோஷினி ஆல்பம் வந்துச்சு. ரோஷினி யாரு? டெரன்ஸ் பொண்ணு. இருபத்திமூணு வயசு. தொட்டில்ல கிடக்கும்போது அழுதான்னா, நான்தான் பக்கத்துல நின்னு வாயாலயே ட்ரம்ஸ் வாசிப்பேன், கப்புனு நிறுத்திருவா. அவளுக்கு முதல் கிட்டாரு கம்பி மாத்திக் கொடுத்தது நான். அவளும் நிர்மல்னு ஒரு பையனும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து 'கரிச்சட்டி'ன்னு ஒரு குரூப் ஆரம்பிச்சாங்க. சுத்தமான தமிழ் மெட்டல் அண்ணே! ஆல்பத்து பேரு 'அடிப்பிடிச்ச சோறு'. எப்படிப் பேரு! அதுக்கு மட்டும் நான் தனியா மார்க் போட்டேன். வெளியிடுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே எனக்கு அனுப்பினா. 'அங்கிள், நீங்கதான் முதல்ல கேக்கணும். மார்க்குல கருணை காட்டக் கூடாது'ன்னு.

கருணை காட்டக் கூடாதுன்னு அவளே சொல்லிட்டா. நான் என்ன பண்ணட்டும்?

குளிச்சிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு, ஹெட்போனை மாட்டி உக்காந்தேன். நிர்மல் பிச்சு உதர்றான். ட்ரம்ஸ் அபாரம். ரோஷினி எங்க? தேடுறேன், ஆளே இல்ல! அட்டையில பேரு இருக்கு, போட்டோ இருக்கு, கிட்டாரைப் பிடிச்சுக்கிட்டு முறைக்கிறா. சத்தத்துல இல்ல. அதைவிடக் கொடுமை, எட்டு இடத்துல, எண்ணிப் பாத்தேன், எட்டு இடத்துல நிர்மல் வாசிக்கிறதை நிறுத்திர்றான். வெறும் ட்ரம்ஸ் மட்டும் தட்டிக்கிட்டு இருக்கு. ஒரு இடத்துல நாப்பது செகண்டு! கல்யாண வீட்டுல இலையைப் போட்டு உக்கார வச்சிட்டு சோறு கொண்டு வராம நிக்கிற மாதிரி.

எழுதினேன். நேர்மையா எழுதினேன். 'இரண்டாவது கிட்டார் இந்த ஆல்பத்தில் அட்டைக்கு மட்டுமே பயன்பட்டிருக்கிறது. எட்டு இடங்களில் பாடல் நின்று, யாரோ டீ குடித்துவிட்டு வரக் காத்திருக்கிறது. செல்வி ரோஷினி கிட்டாரைக் கீழே வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பத்துக்கு இரண்டு.' அந்த ரெண்டும் பேருக்குப் போட்டது. விமர்சனத்துல சொந்தம் பந்தம் பாத்தா அப்புறம் அது விமர்சனமா அண்ணே?

டெரன்ஸ் வீட்டுக்கே வந்துட்டான். வாசல்ல நின்னுக்கிட்டுக் கத்துறான். 'பொறாமைடா உனக்கு, உனக்குப் பிள்ளை இல்லேன்னு என் பிள்ளை மேல கல்லெறியிறியா'ன்னுட்டான். அப்படி ஒரு வார்த்தை. விசாலி அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. கதவைச் சாத்திட்டேன். அன்னியில இருந்து பேச்சு இல்ல.

அன்னியில இருந்து அந்தப் பொண்ணு கிட்டாரைத் தொடலையாம். பெட்டியில போட்டுக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாளாம். இன்னிக்கு உறையூர்ல ஒரு கல்யாண மண்டபத்துல ஆல்பத்துக்குக் கச்சேரி. நிர்மல் மட்டும் வாசிக்கிறானாம், ஒத்தைக் கிட்டாரு. எனக்கு வருத்தம்தான், ஏன் இல்ல. ராத்திரி தூக்கம் வரல. ஆனாலும் நல்ல விமர்சனம்னா அது கொஞ்சம் சுடத்தான் செய்யும், அதுல உரமேறி ஒருநாள் நல்லா வாசிப்பான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அதுக்குள்ள இவன் செவிடாங்கிறான்! அதான் சர்டிபிகேட். ஸ்டாம்ப்போட.

என்னது? காதுல எப்பவாவது விசில் சத்தமா? அது இருக்கும் அண்ணே, இந்த வலது பக்கம், லேசா. அது ஒண்ணுமில்ல. பெங்களூர்ல ஒரு கச்சேரி, பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயே மூணு மணி நேரம் வலது காதைக் கொடுத்துக்கிட்டு நின்னேன். ஒரு வாரம் பலமாக் கேட்டுச்சு விசில். நல்ல கச்சேரிக்கு அதான் அடையாளம். அது இன்னும் போகல, அவ்வளவு நல்ல கச்சேரி! விசாலிதான் ரெண்டு வருஷமா நச்சரிக்கிறா, வலது பக்கம் வந்து கூப்பிட்டா நான் திரும்பறதில்லைன்னு. அது கேக்காம இல்ல அண்ணே, கேட்டும் கேக்காத மாதிரி இருக்கிறது. கல்யாணம் ஆனவருதானே நீங்க.

கூப்பிடுறாங்களா? என்னையா? முப்பத்தி ஒண்ணா? டெஸ்ட்டுக்கா? எனக்குக் கேக்கல, ஃபேன் சத்தம். இருங்க, போயிட்டு வந்துர்றேன். என் சீட்டைப் பாத்துக்கங்க. ஹெட்போனும் பைக்குள்ள இருக்கு.

*

வந்துட்டேன் அண்ணே. சம்சாரம் இன்னும் வரலையா? நகருங்க, உக்காந்துக்கிறேன்.

ஒரு சின்ன அறை அண்ணே, பூரா பஞ்சு ஒட்டி வச்சிருக்கான். உள்ள போனதும் எனக்கு அப்படியே ரெக்கார்டிங் ஸ்டுடியோக்குள்ள போன சந்தோஷம். ஒரு பொண்ணு, நல்ல பொண்ணு, ஒரு ஹெட்போனை எடுத்து மாட்டினா. சிவப்பு வலது, நீலம் இடது. சரியா மாட்டினா, மரியாதை தெரிஞ்ச பொண்ணு. 'சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க சார்'னா. கண்ணை மூடிக்கிட்டேன். முதல்ல இடது பக்கம். கூ... கூ... சன்னமா, தூரத்துல ரயில் எஞ்சின் மாதிரி. அப்புறம் கீச்சுனு ஒண்ணு. நடுவுல நல்ல மௌனம். அவசரமே இல்ல. ரொம்ப நல்ல ஆல்பம் அண்ணே அது, கண்டிப்பா ஏழு மார்க் போடுவேன். கடகடகடன்னு பட்டனை அமுக்கித் தள்ளிட்டேன்.

அப்புறம் ஒண்ணும் வரல. நான் காத்துக்கிட்டு இருக்கேன். ரெண்டாவது பக்கம் போடலையேன்னு. ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம். கண்ணைத் திறந்து கண்ணாடி வழியாப் பாத்தா, அந்தப் பொண்ணு பாட்டுக்குக் குமிழைத் திருகிக்கிட்டே இருக்கா, என் கையையே பாத்துக்கிட்டு. நான் கையை ஆட்டி, 'எப்பம்மா ஆரம்பிப்பே'ன்னேன். அவ கதவைத் திறந்து உள்ள வந்தா. 'சார், ரொம்ப நேரமா வலது பக்கம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்'னா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா அண்ணே? 'உங்க ஹெட்போன்ல வலது பக்கம் வயர் அறுந்திருக்கும்மா, மாத்துங்க'ன்னேன்.

அவ கோவிச்சுக்கல. ஒரு வேலை பண்ணினா. ஹெட்போனைக் கழட்டினா. அப்படியே திருப்பினா. சிவப்பை என் இடது காதுல வச்சா. 'ஏம்மா, மாத்தி மாட்டக் கூடாதும்மா'ன்னு சொல்ல வாயெடுத்தேன். அவ வெளிய போய்ப் பட்டனை அமுக்கினா.

கேட்டுச்சு. கூ...ன்னு. கணகணன்னு கேட்டுச்சு.

இந்தா பாருங்க கிராஃபு. இந்த நீலக் கோடு இடது காது, நேரா போகுது. இந்தச் சிவப்புக் கோடு வலது, மாடிப்படியில உருண்ட மாதிரி கீழ கிடக்கு பாருங்க. ரொம்ப நாளாவே இப்படித்தான் இருக்கணும்னா. விசில் எப்பத்துல இருந்துன்னு கேட்டுட்டு, மூணு வருஷமாவது இருக்கும்னா. மூணு வருஷம்! நார்வே, பிரேசில், ஷில்லாங்...

கோலாலம்பூர்க்காரரு நல்ல மனுஷன் அண்ணே.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. நானும்தான் சிரிக்கிறேன். மை மங்கிப் போச்சுன்னு சண்டைக்கு வர்ற ஆளு நான்தான் அண்ணே. ஆறு பாகம் எழுதினேன், ஆறு பாகம்! அந்தப் பையை எடுங்க. இந்த ஹெட்போனை எடுங்க. இல்ல, கொடுங்க, நானே. இப்ப வலதை இடதுல மாட்டப் போறேன். ஆயுசுல முதல் தடவை. யாரும் பாக்கலையே? ரோஷினி ஆல்பம், நாலாவது பாட்டு. ஒரு நிமிஷம் பேசாதீங்க, தயவுசெஞ்சு.

...

...ஐயோ.

ஐயோ அண்ணே, இருக்கா! இருக்கா, இங்கதான் இருக்கா! முதல் செகண்டுல இருந்து இருக்கா! நிர்மலைக் காணோம் இப்ப, நிர்மல் எங்கேயோ போயிட்டான், போகட்டும், அவனை ஏழு மாசம் கேட்டாச்சு. என்னமா அறுக்குறா பாருங்க, இவ்வளவு கனமா, இவ்வளவு நிதானமா... இருங்க, அந்த நாப்பது செகண்டு வருது, டீ குடிக்கப் போன இடம், நான் எழுதினேனே... அடேயப்பா! அடேயப்பா! அவ வாசிக்கிறா அண்ணே! அந்த எட்டு இடமும் அவ இடம்! நிர்மல் நிறுத்தினதே இவளுக்கு வழி விடத்தான். எல்லாப் பாட்டும் இங்க வந்து நிக்கிறதுக்குத்தான் ஓடி வந்திருக்கு. நான் பாட்டுக்குச் சோறு வரலைன்னு இலையை மூடிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

சிஸ்டர், மன்னிச்சிருங்க. கத்த மாட்டேன். இல்ல சிஸ்டர், வலி இல்ல, சந்தோஷம்.

மணி என்ன? மூணே முக்கால். ஆறரைக்குக் கச்சேரி. அவன் எடுப்பானா? எடுக்க மாட்டான். எடுக்கலைன்னா பொன்மலைக்கே போயிருவேன், ஆட்டோ பிடிச்சு. அடிக்குது. அடிக்குது.

டேய் டெரன்ஸ். வைக்காதே. வைக்காதே, நாலாவது பாட்டு, ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு. ரோஷினி என்னடா பண்ணி வச்சிருக்கா அங்க! ... இல்லடா, குடிக்கல. ஆஸ்பத்திரியில இருக்கேன். ... வலது காது போச்சுடா. சுத்தமாப் போச்சு, மூணு வருஷமா. எனக்கே தெரியாது. அவ வாசிச்சது பூரா வலது பக்கம். நான் பாதி ஆல்பம் கேட்டுட்டு எழுதிட்டேன்டா. நான் ஒரு முட்டாப்பய. தப்பு பண்ணிட்டேன், அந்தப் பிள்ளைக்குப் பெரிய தப்பு பண்ணிட்டேன்.

...அண்ணே, அவன் அழுறான். இல்ல, சிரிக்கிறான். அவனுக்கு ரெண்டும் ஒரே சத்தம், அந்தக் காலத்துல இருந்தே. ... என்னடா? ... ஆமா, இன்னொரு காது நல்லாத்தான் இருக்கு. ... அதை விடு, நீ சொன்னதை நான் மறந்துட்டேன், நான் எழுதினதை நீ மற. போனை அவகிட்ட கொடு. கொடுடா.

ரோஷினி. அங்கிள்மா. ... இல்லம்மா, அப்பா சொல்லச் சொல்லி நான் சொல்லல. என் காதுமா... நிசமா. சத்தியமா. ... நம்ப மாட்டேங்கிறா அண்ணே. இரக்கப்பட்டுச் சொல்றேன்கிறா. கருணை காட்டுறேனாம்!

இரு, வைக்காதே. இந்த ஆல்பத்துல நீ வாசிச்சதை நான் இன்னிக்கு வரைக்கும் கேட்டதே இல்ல, இல்லையா? இப்பவும் கேக்கலைன்னா எனக்கு எப்படித் தெரியும்? இப்பப் பாடுறேன், கேளு. நாலாவது பாட்டு, உன் இடம். டுக்குடுக்கு டுக்குடுக்கு ஜ்ஜீங்... டுக்குடுக்கு டுக்குடுக்கு ஜ்ஜீங்... டீ டீ டிடிடீய்ங், அப்புறம் கீழ இறங்கி, க்ரோங், க்ரோங்...

சிஸ்டர், ஒரு நிமிஷம். அம்மா, நீங்க பயப்படாதீங்க, குழந்தையைத் தூக்கிக்கங்க, இது பாட்டுதான். எல்லாரும் பொறுத்துக்கங்க, ஒரு பொண்ணு வாழ்க்கைப் பிரச்சினை. ... ரோஷினி, இருக்கியா? க்ரோங், க்ரோங், அப்புறம் மேல ஏறி டிடிடிடி டீய்ய்...

என்னம்மா?

அண்ணே, தப்பாப் பாடுறேன்கிறா! கடைசியில ஏறக் கூடாதாம், அங்கேயே நின்னு கம்பியை வளைக்கணுமாம்! திட்டுறா அண்ணே! ஏழு மாசம் கழிச்சு என்னைத் திட்டுறா! ... இல்லையே, ஏறுற மாதிரித்தானே எனக்குக் கேட்டுச்சு. ... எங்க, எப்படி? சொன்னாத் தெரியாது. வாசிச்சுக் காட்டு. ... ஆமா, இப்பத்தான். கட்டிலுக்கு அடியில இருந்து எடு. நான் லைன்லயே இருக்கேன்.

எடுக்கப் போயிருக்கா. ஏதோ இழுக்குற சத்தம். டெரன்ஸ் 'மெதுவா, மெதுவா'ன்னு கத்துறான். இது பெட்டியைத் திறக்கிறது. கம்பி சுருதி போயிருக்கும், ஏழு மாசம் சும்மா கிடந்தா பின்ன? திருகுறா. திருகுறா. உஷ்ஷ்.

...

வாசிக்கிறா அண்ணே.

சிஸ்டர், டாக்டர் கிட்ட முப்பத்தி ரெண்டை அனுப்பச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.

கை கொஞ்சம் இறுகிப் போயிருக்கு. தாளம் ரெண்டு இடத்துல பிந்துது. இப்ப ஒரு சுரம் தப்பா விழுந்துச்சு, இந்தா, இன்னொண்ணு. இந்தக் காது சொல்லுது அண்ணே, இது நல்ல காது, இது பொய் சொல்லாது. மொத்தம் நாலு தப்பு. ...

ஆங், ரோஷினி? முடிஞ்சிருச்சா? எப்படி இருந்துச்சுன்னா கேக்குற?

ஒரு தப்பும் இல்லம்மா. ஆறரை மணிக்கு வந்துருவேன்.